ரீட்டா மேரி அளந்த மின்சாரம்

பொறியாளர் ரீட்டா மேரி இன்று காலை ஜார்ஜ்டவுனில் காலமானார். அவருடைய கணவர் ஜோசப் தொலைபேசியில் இதை உறுதிப்படுத்தினார். "போய்ட்டாண்ணே. இரங்கல் செய்திய உங்களத்தான் எழுதச் சொல்லணும்னு சொல்லியிருந்தா."

கெலுகோரில் படித்த ரீட்டா, பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தார். ஆற்றில் நீர் ஏறினால் எச்சரிக்கை அனுப்பும் சிறு கருவிகளை அங்கே செய்தார்கள். ஒரே பேட்டரியில் மழைக்காலம் முழுவதும் அவை ஓட வேண்டும். எல்லா வகைச் சிப்புகளுக்கும் ஒரே நிரல் போதும் என்று, நிர்வாகம் இடையில் 'மெய்நிகர் இயந்திரம்' என்ற மென்பொருளை வைத்தது. பேட்டரிகள் பாதியிலேயே தீர்ந்தன.

இதைப் பற்றிச் செய்தி எழுதிய நான், விளக்கத்துக்கே மூன்று பத்திகள் எடுத்துக்கொண்டேன். ரீட்டா படித்துவிட்டுச் சிரித்தார்.

"ஏண்ணே இவ்ளோ நீளம்? சிப்புக்கு அந்த மொழி தெரியாதுலா. நடுவுல ஒரு மொழிபெயர்ப்பாளர் உட்கார்ந்திருக்காரு. வரிக்கு வரி அவருக்கும் சோறு போடணும். அந்தச் சோறுதான் பேட்டரி."

ஆசிரியர் என் பத்திகளை நீக்கிவிட்டு அவர் சொன்னதைப் போட்டார். எழுதுவது என் தொழில். வாசகர்கள் பாராட்டியது அவரை.

சில வாரங்களில் ரீட்டா தொழிற்சாலையில் கூட்டம் கூட்டினார். என்னையும் அழைத்திருந்தார்.

"மெய்நிகர் இயந்திரம் எவ்ளோ மின்சாரம் எடுக்குதுன்னு நான் சொன்ன கணக்கு தப்பு. சோதனை கேபிளைக் கழட்டாமலே அளந்துட்டேன். அது மாட்டியிருந்தா சிப்பு தூங்கவே தூங்காது, மின்சாரம் போய்ட்டே இருக்கும். மெய்நிகர் இயந்திரம் மின்சாரத்தைத் தின்னுறது நிஜம். ஆனா நான் சொன்ன அளவுக்கு இல்ல."

"அப்ப நாங்க ஜெயிச்சிட்டோமா?" என்று மேலாளர் சீண்டினார்.

"ஆசைதான் பாஸ்! இன்னும் அளந்து முடிக்கலலா."

அறையே கைதட்டியது. என் செய்திப் பிழைகளுக்கு நான் வெளியிட்ட திருத்தங்கள் உள்பக்க மூலையில் சிறிய எழுத்தில் வந்தவை. ஒன்றுக்கும் யாரும் கைதட்டியதில்லை. வீடு திரும்புகையில் தீவுக்குப் போகும் கடல்பாலம் முடியும்வரை வயிறு எரிந்தது. இதை எழுதும்போதும் எரிகிறது.

கடைசியாக, சுங்கை பாக்காப் ஆற்றோரம் ஒரே கம்பத்தில் இரண்டு கருவிகளை மாட்டினார். ஒன்றில் மெய்நிகர் இயந்திரம் உண்டு, மற்றதில் இல்லை. ஒரே வகைப் புது பேட்டரிகள். மெய்நிகர் இயந்திரம் உள்ளதுதான் மழை ஓயுமுன் நின்றுபோகும் என்பது அவர் கணிப்பு. அப்படி நின்றால், கரையோரக் கருவிகள் அனைத்தையும் மெய்நிகர் இயந்திரம் இல்லாதவையாக மாற்றுவதாக நிர்வாகம் ஒப்புக்கொண்டிருக்கிறது.

இன்று மதியம்வரை இரண்டும் வேலை செய்வதாக அவருடன் பணிபுரிந்த கலா தெரிவித்தார். முடிவு தீபாவளிக்குப் பிறகு, மழை ஓய்ந்ததும் தெரியும்.

உங்களுடைய இந்தக் கணிப்பு பொய்க்கட்டும் என்று நினைக்கப் பார்த்தேன், ரீட்டா. கருவிகள் மாறாவிட்டால் எச்சரிக்கையே இல்லாமல் நீர் புகக்கூடிய கரையோர வீடுகள் கண்முன் வந்தன; அப்படி நினைக்க முடியவில்லை. சென்று வாருங்கள்.