ஊசிக்காரி சௌந்திரத்தின் முழங்கை

சௌந்திரக்காவின் முழங்கையைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணைகளில் தடுப்பூசி போடும் எங்கள் கூட்டத்தில் அக்காவை மிஞ்ச ஆளில்லை. இடது கையால் கோழியைக் கூண்டு வாசலுக்கு இழுப்பார், வலது கையால் ஊசியின் விசையை அமுக்குவார். அந்தக் கோழி கத்தி முடிப்பதற்குள் அடுத்ததன் காலைப் பிடித்திருப்பார். புருஷன் செத்த பிறகு அந்தக் கையை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

போன மாசியில் வலி ஆரம்பித்தது. முழங்கையின் வெளிப்பக்க எலும்பைத் தொட்டால் உயிர் போனது. காப்பி டம்ளரைத் தூக்க முடியவில்லை, ஈரத்துணி பிழிய முடியவில்லை. நான்தான் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன்.

"இது டென்னிஸ் எல்போம்மா. மணிக்கட்டைத் தூக்குற தசைநார் எலும்புல ஒட்டுற இடத்துல நைஞ்சிருக்கு. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செஞ்சதால வந்தது" என்றார் டாக்டரம்மா.

"டென்னிசா? நான் எந்தக் காலத்துலங்க பந்தடிச்சேன்?" என்று அக்கா சிரித்தார்.

ஒன்றரை மாசம் ஊசி வேலை கூடாது, கையைக் கவிழ்த்து எதையும் தூக்கக் கூடாது, முழங்கைக்குக் கீழே பட்டை கட்ட வேண்டும், கனமில்லாத எதையாவது பிடித்துக்கொண்டு மணிக்கட்டை மெல்ல இறக்கும் பயிற்சியைத் தினமும் செய்ய வேண்டும் என்றார். பொறுத்திருந்தால் பெரும்பாலும் சரியாகிவிடுமாம்.

வெளியே வந்ததும் அக்கா முகம் சுண்டிவிட்டது. "ஒரு ஊசி போட்டாளா பாத்தியா புள்ள? ஊசி போடாம என்ன வைத்தியம்? நோவு வந்த கோழிக்கு நாம எக்சர்சைஸா சொல்லிக் குடுக்கறோம்?"

ஊசியில் பிழைப்பவருக்கு ஊசிதானே சாமி!

எங்கள் கூட்டத்துக்கு வேலை பிடித்துத் தரும் மேஸ்திரி பூபதி அதற்குமேல். "ஒன்றரை மாசமா? பண்ணைக்காரங்க பொறுப்பாங்களாக்கா? நான் வேற ஆளைத்தான் போடோணும்" என்றவன், தானே ஒரு தனியார் கிளினிக்குக்குக் கூட்டிப் போனான். முழங்கையில் ஸ்டீராய்டு ஊசி இறங்கியது. மூன்றாம் நாள் வலி மாயம். இனிக் கைக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று அந்த டாக்டரும் சொல்லித்தான் அனுப்பினார். யார் கேட்டது? மறுநாளே அக்கா பண்ணையில் நின்றார்.

இரண்டே மாசத்தில் வலி திரும்பியது. முதல் ஊசியைச் சொல்லாமல் மறைத்து வேறொரு டாக்டரிடம் இன்னொன்று. ஆடியில் மூன்றாவது. "அந்தப் பயிற்சியையாச்சும் செய்யுங்கக்கா" என்று கெஞ்சினேன். செவிடன் காதில் ஊதின சங்கு.

ஐப்பசியில், சேந்தமங்கலம் பக்கத்துப் பண்ணையில் தண்ணீர் வாளியைத் தூக்கியபோது கையில் ஏதோ பட்டென்று அறுந்தது. தசைநார் எலும்பை விட்டுப் பிய்ந்திருந்தது. ஊசி மேல் ஊசி போட்டதில் அது இற்றுப்போயிருக்கும் என்றார்கள். ஆபரேஷன் செய்தும் வலது கைக்குப் பிடி திரும்பவில்லை.

பூபதி ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தான். "இடது கை நல்லாத்தான இருக்குதுங்கக்கா?" என்றான். பாவி! செருப்பைக் கழற்றலாம் என்றிருந்தது எனக்கு. அக்காவுக்கோ முகம் மலர்ந்துவிட்டது.

தையிலிருந்து இடது கையால் விசையை அமுக்குகிறார். கோழியை நான் பிடித்துக் கொடுக்கிறேன். முன்போல் வேகமில்லை, பூபதி முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறான்.

நேற்று டீ குடிக்கும்போது, முந்தானைக்குள் இடது முழங்கையைச் சுவரில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"வலிக்குதாக்கா?"

பூபதி எங்கே நிற்கிறான் என்று எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"அவங்கிட்டச் சொல்லிராத புள்ள. நாளைக்கு என்னைய அந்தக் கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போ."