ஒன்பதில் வைத்த ரேசர்

அப்பாவின் பழைய ரேசரில் நம்பர் வளையத்தைத் திருகிப் பார்த்தேன். எண் ஏற ஏற பிளேடு வெளியே நீட்டியது.

உடனே சாந்தோம் வீட்டின் சவரச் சோப்பு வாசனை வந்துவிட்டது. அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் சவரம் செய்வார். ஞாயிறு பூசைக்குக் கிளம்பும்போது, ரத்தத்தை நிறுத்த ஒட்டிய பேப்பர் துண்டுகள் தாடையில் இருக்கும். “பிளேடு சரியில்லடா” என்பார்.

“அப்பா எந்த நம்பர்ல வெப்பாரும்மா?”

அம்மா கீரை ஆய்ந்தபடியே சொன்னாள். “ரெண்டுலதான். என்னை அடிச்சாருன்னா, மறுநாள் நான் ஒன்பதுக்குத் திருப்பிடுவேன். கண்ணாடி இல்லாம அவருக்கு நம்பர் தெரியாது.”

அவர் அம்மாவை அதட்டிக்கூட நான் பார்த்ததில்லை.

பேப்பர் துண்டு ஒட்டாமல் அப்பா பூசைக்கு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையை நினைவில் தேடினேன். ஒன்றுகூட அகப்படவில்லை.