தறியறையில் ஃபேன் ஓடிய மத்தியானம்

நான் மயங்கி விழுந்துவிட்டதாகச் சின்ன காஞ்சிபுரம் முழுக்கப் பேச்சு. விழவில்லை. இன்றைக்கு மத்தியானம் வெக்கையில் கண் இருட்டியது, தறிமரத்தின் மேல் சாய்ந்தேன். அவ்வளவுதான்.

நெய்யும் நேரத்தில் எங்கள் வீட்டில் ஃபேன் போடுவதில்லை. காற்று பட்டால் பட்டு இழை காய்ந்து அறுந்துவிடும். இது யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல, அறுத்து அறுத்து நானே கற்றது.

கண் விழித்தால் தலைக்கு மேல் ஃபேன் முழு வேகத்தில் ஓடுகிறது. பக்கத்தில் ஈரத் துண்டோடு என் மனைவி.

"ஃபேனை நிறுத்து. இழை அறுந்துடும்."

"அறுந்தா அறுவுது. நான் பிணைச்சிக்கிறேன். நீங்க பேசாம இந்த மோரைக் குடிங்க."

மோரில் உப்பு அதிகம். சொல்லலாம் என்று வாயெடுத்தேன். ஒரு கையில் டம்ளரைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஈரத் துண்டை என் நெற்றியில் ஒற்றிக்கொண்டிருந்தாள். மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

சாயந்திரம் பார்த்தால் சில இழைகள் அறுந்துதான் இருந்தன. நான் சொன்னது சரி.

நாளையிலிருந்து விடியற்காலையில் உட்கார்ந்து, பத்து மணிக்கெல்லாம் தறியை விட்டு எழுந்துவிடுவேன். இது நானாக எடுத்த முடிவு.

ஃபேன் விஷயத்தில் என் பக்கம் நிற்கும் நெசவாளர்கள் இந்தப் பதிவுக்குக் கீழே எழுதலாம். அவளும் படிப்பாள், தைரியம் உள்ளவர்கள் மட்டும் எழுதவும்.