மாமனாரின் கபடி ஃபாரம்

இன்று மாலை 5.12க்கு மொரப்பூரிலிருந்து மாமனார் கூப்பிட்டார். ஐம்பத்தெட்டு வயதில் கபடி டீமில் சேர்கிறாராம். ஃபாரத்தில் வீட்டு ஆள் கையெழுத்து வேண்டுமாம்.

உடனே கிளம்பிப் போனேன்.

"மொதல்ல ஈசிஜி எடுங்க மாமா. ஒரு மாசம் ரப்பர் மேட்ல வுழுந்து பழகுங்க. அப்புறம் ஆடலாம்." நான் இன்ஜினியர்; வேலையில் மெஷினைச் சோதிக்கும்போது பேசுகிற அதே குரலில் சொன்னேன்.

"அட போங்க மாப்ள. புள்ள போனதுலேர்ந்து ஒடம்புல எங்கியும் வலிக்கவே மாட்டேங்குது. நாலு பேரு மேல வுழட்டும், வலிக்குதான்னு பாக்கறேன்."

அவர் மகள், என் மனைவி, இறந்து மூன்று மாதம். எனக்கும் எங்கும் வலிக்கவில்லை. அதை அவரிடம் சொல்லவில்லை.

"இன்னொரு ஃபாரம் இருக்குதுங்களா? நாளைக்கு ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போலாம். டாக்டர் சரின்னா உங்களுக்கு நான் போடறேன், எனக்கு நீங்க போடுங்க."

அவர் தலையாட்டினார்.

எங்களைத் தடுக்க நினைப்பவர்கள் கீழே கமெண்டில் தாராளமாகத் திட்டலாம். இந்தப் பதிவைப் போட்டதும் போனை அணைத்துவிடுகிறேன்.