இனிஷியல் இல்லாமல் வந்த பெயர்

ஏழு வருடங்களுக்கு முன், ஒரு மே மாதம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே பாயை விரித்துப் படுத்துக்கொண்டு போனைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அப்போது அதுதான் என் முழுநேர வேலை. சிதம்பரத்தில் எம்.எஸ்சி. இயற்பியல் முடித்திருந்தேன். வடக்கே ஒரு பெரிய ஆராய்ச்சி நிறுவனத்தில் பிஎச்.டி. சேர விண்ணப்பித்து, நேர்முகத் தேர்வுக்கும் போய்வந்து, முடிவுக்காகக் காத்திருந்தேன்.

என்னோடு இன்னொருத்தியும் காத்திருந்தாள். என் வகுப்புத் தோழி. அவளுக்கும் எனக்கும் ஒரே பெயர். நாங்கள் பிறந்த காலத்தில் தெருவுக்கு மூன்று பெண் குழந்தைகளுக்கு வைத்த பெயர் அது. அதனால் வகுப்பில் யாரும் எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இனிஷியல்தான். நான் ‘எம்’, அவள் ‘கே’. பேராசிரியர்கள்கூட வருகைப் பதிவின்போது "கே வந்தாச்சா, எம் வந்தாச்சா" என்றுதான் கேட்பார்கள்.

நான் வகுப்பில் முதல் மதிப்பெண். இதை இப்போது பெருமைக்காகச் சொல்லவில்லை, பின்னால் வரப்போகும் கூத்துக்கு இது முக்கியம். கே நான்காவதோ ஐந்தாவதோ வருவாள். அதிகம் பேசமாட்டாள். நான் அவளுக்கும் சேர்த்துப் பேசிவிடுவேன்.

விண்ணப்பத்தைச் சிதம்பரம் மேல வீதியில் ஒரு நெட் சென்டரில் பக்கத்துப் பக்கத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து நிரப்பினோம். முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியலைப் புள்ளியோடு போட்டால் அந்தப் பக்கம் ஏற்க மறுத்தது. "புள்ளி வைக்காம வெறும் எழுத்த போடுங்கம்மா, எல்லாரும் அப்படித்தான் போடறாங்க" என்றார் சென்டர்காரர். போட்டோம். நான் அனுப்பு என்பதை அழுத்தி முடித்ததும் அவள் அழுத்தினாள். பதிவு எண்கூட அடுத்தடுத்து வந்தது. அதைப் பார்த்து அன்று அப்படிச் சிரித்தோம்.

நேர்முகத் தேர்வுக்கும் ஒன்றாகவே போனோம். இரண்டு நாள் ரயில். என் அப்பாவும் துணைக்கு வந்தார். திரும்பி வந்தபிறகு நாற்பது நாள் ஒன்றும் தெரியவில்லை.

இன்று நினைத்தால் என் வாழ்க்கையிலேயே இனிமையான நாட்கள் அந்த நாற்பதுதான். அன்று அப்படித் தெரியவில்லை. வீட்டில் யார் என்ன கேட்டாலும் எரிந்து விழுந்தேன். வாரத்துக்கு இரண்டு நாள் நூலகத்துக்குப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு சிதம்பரம் பஸ் ஏறிவிடுவேன். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டும்வரை போனில் அந்த இணையதளத்தைத் திறந்து திறந்து மூடுவேன். கே பஸ் நிலையத்தில் நிற்பாள். இரண்டு பேரும் போய் இட்லியும் கத்திரிக்காய் கொத்சும் சாப்பிடுவோம். "இன்னைக்கி வரும்னு தோணுது" என்பேன் நான். "வந்தா வரட்டும்" என்பாள் அவள். யாருக்குக் கிடைக்கிறதோ அவள் மற்றவளுக்கு ஒரு மாதம் கொத்சு வாங்கித் தர வேண்டும் என்று ஒப்பந்தம். கிடைத்தவள் வடக்கே போய்விடுவாளே, எப்படி வாங்கித் தருவாள் என்று இரண்டு முதுகலைப் பட்டதாரிகளுக்கும் தோன்றவில்லை.

நாற்பத்தோராம் நாள் காலை பதினோரு மணி இருக்கும். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒருவன் ஒரு படம் போட்டான். தேர்வுப் பட்டியலின் ஒரு துண்டு. எங்கள் துறைக்கு நேரே பெயர் இருந்தது. எங்கள் பெயர். இனிஷியல் இல்லை. குடும்பப் பெயர் கட்டத்தை அந்தப் பட்டியலில் அச்சிடவே இல்லை போலிருக்கிறது. ஓரத்தில் இருந்த பதிவு எண்ணும் படத்தில் வெட்டுப்பட்டிருந்தது. இணையதளத்தைத் திறந்தேன், சுற்றிக்கொண்டே இருந்தது.

இந்த இடத்தை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். பெயர் ஒன்று, ஆட்கள் இரண்டு. சின்னப் பிள்ளைக்குக்கூட சந்தேகம் வரும். எனக்கு வரவில்லை. அது அவளாக இருக்கலாம் என்று ஒரு நொடிகூட எனக்குத் தோன்றவில்லை. கூடத்திலிருந்து சமையலறைக்கு ஓடி அம்மாவைக் கட்டிக்கொண்டேன். குழுவிலும் எல்லோரும் ‘வாழ்த்துகள் எம்’ என்றுதான் போட்டார்கள். யாருக்குமே கே நினைவுக்கு வரவில்லை.

அப்போது போன் வந்தது. அவள்தான்.

"ஏய், லிஸ்ட் பாத்தியா?" என்றாள். மூச்சு வாங்குகிற குரல்.

"பாத்தேன்டி, என் பேரு வந்துடுச்சி" என்றேன். என்றதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. "நீ கவலைப்படாத, வெயிட்டிங் லிஸ்ட் உடுவாங்க, உனக்கும் வந்துடும்" என்று ஆறுதல் வேறு சொன்னேன். ரயில் டிக்கெட் உறுதியாவதுபோல அதுவும் உறுதியாகும் என்று விளக்கம் கொடுத்தேன்.

நான் முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு "சந்தோஷம்டி" என்றாள். மத்தியானம் வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

என் அப்பா சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்த்தார். அன்று அவருக்கு இரண்டாவது ஷிப்ட். கிளம்புவதற்குள் இரண்டு கிலோ லட்டு வாங்கிவந்து தெருவுக்கெல்லாம் கொடுத்தார். கம்பெனிக்குத் தனியாக ஒரு டப்பா. குறிஞ்சிப்பாடியிலிருந்து மாமாவும் மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார். அம்மா கேசரி கிளறினாள். கே வந்தபோது வீடு கல்யாண வீடு மாதிரி இருந்தது.

ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பா வாசலிலேயே அவள் கையில் லட்டைத் திணித்து, "உனக்கும் வரும்மா, கண்டிப்பா வரும்" என்றார். அவள் தலையாட்டினாள். அம்மா கேசரி வைத்தாள். சாப்பிட்டாள். இன்னும் கொஞ்சம் என்றபோது மறுக்காமல் வாங்கிக்கொண்டாள். மாமா என் படிப்பைப் பற்றி அவளிடமே பெருமை பேசிக்கொண்டிருந்தார். அவள் என்னைப் பார்த்தாள், பிறகு தட்டைப் பார்த்தாள். பாவம், ஏமாற்றமாக இருக்கும் என்று நான் மனதுக்குள் இரக்கப்பட்டேன். நினைத்தால் இன்றும் காது சுடுகிறது.

மாலை பஸ் ஏற்றிவிடப் போனேன். சிதம்பரம் பஸ் வந்து நின்றபிறகு, படியில் கால் வைத்துக்கொண்டு திரும்பினாள்.

"அப்ளிகேஷன் பிரிண்ட் அவுட்ட எடுத்து வச்சிக்க. மூணு நாளுக்குள்ள ஒப்புதல் அனுப்பணும், நம்பர் கேப்பாங்க. நம்பர நல்லா பாத்துக்க" என்றாள்.

வீட்டுக்கு வந்து பிரிண்ட் அவுட்டை எடுத்தேன். இணையதளமும் அப்போது திறந்தது. பட்டியல் முழுதாக வந்தது. எங்கள் பெயருக்குப் பக்கத்தில் இருந்த எண்ணின் கடைசி இலக்கம் ஏழு. என் காகிதத்தில் ஆறு.

முதலில் பிரிண்ட் அவுட் தப்பு என்று நினைத்தேன். பிறகு பட்டியல் தப்பு என்று நினைத்தேன். அதற்கப்புறம், சொல்ல வெட்கமாக இருக்கிறது, அவள்மீது கோபம் வந்தது. தெரிந்துகொண்டே வந்து உட்கார்ந்து கேசரி சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறாளே என்று. பாயில் குப்புறப் படுத்து அழுதேன். அழுதுகொண்டிருக்கும்போதுதான் காலையில் அவள் போனில் மூச்சு வாங்கியது நினைவுக்கு வந்தது. அவள் எனக்கு வாழ்த்துச் சொல்ல அழைக்கவில்லை. அவளுக்கு இணையதளம் முன்பே திறந்திருக்கிறது, எண்ணைப் பார்த்துவிட்டுத் தன் செய்தியைச் சொல்ல அழைத்தாள். முதலில் என்னிடம் சொல்ல நினைத்தாள். நான் அவளைப் பேசவே விடவில்லை. அவளுடைய செய்தியை அவளிடமே என் செய்தியாகச் சொல்லி, ஆறுதலும் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

அம்மாவிடம் சொன்னேன். அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவள் பாடலீஸ்வரர் கோயிலில் எனக்காக நாற்பது நாளும் அர்ச்சனை செய்திருந்தாள். "பேரு, நட்சத்திரம் எல்லாம் சொன்னேன். இனிஷியல் மட்டும் சொல்லல" என்றாள். நான் அழுகையிலும் சிரித்துவிட்டேன். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். பிறகு, "அந்தப் பொண்ணு ரெண்டாந்தரமும் வேணாங்காம வாங்கி சாப்ட்டுச்சேடி" என்றாள்.

ஷிப்ட் முடிந்து வந்த அப்பா நான் சொன்னதை நின்றபடியே கேட்டார். கம்பெனியில் அத்தனை பேருக்கும் லட்டு கொடுத்துவிட்டு வந்த மனிதர். திட்டுவார் என்று பயந்தேன். "கம்பெனில நான் சொல்லிக்கறேன். அந்தப் பொண்ணுக்கு மூணு நாள்தான் டைமு. ஒரு நாள் நம்மாலயே போச்சி. காலைல மொத பஸ்ஸுக்கு கெளம்பு" என்றார்.

மறுநாள் காலை அம்மா ஒரு டப்பா லட்டைக் கொடுத்தாள். தெருவுக்குக் கொடுத்ததுபோக மிச்சம். புதிதாக வாங்கலாம் என்றேன், கடை திறக்க நேரமாகும் என்றாள். அந்த டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு போன பஸ் பயணத்தில் ஒருமுறைகூட நான் போனைத் திறக்கவில்லை. நாற்பது நாளில் அதுதான் முதல் தடவை.

கேயின் வீடு சிதம்பரம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில். அவளுடைய அம்மா வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுப்பவர். கதவைத் திறந்ததும் என் கன்னத்தைத் தொட்டு, "உனக்கு கெடச்சிடுச்சாமே, ரொம்ப சந்தோஷம்மா. இவளுக்குத்தான் ஒன்னும் வரல போலருக்கு. நேத்துலேருந்து வாயே தொறக்கல" என்றார்.

அவள் வீட்டில்கூடச் சொல்லவில்லை. குழுவில் எல்லோரும் என்னை வாழ்த்தியதையும் திருத்தவில்லை. என் வீட்டுக்குத் தெரிவதற்கு முன்னால் ஊருக்குத் தெரிந்தால் என் அப்பாவுக்குத் தலைகுனிவாகிவிடும் என்று நினைத்திருக்கிறாள். இது அவள் பிறகு சொன்னது. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம், இந்த அம்மாவுக்கு இந்தச் செய்தியைச் சொல்ல வேண்டியவள் நான்தான் என்பது.

"அம்மா, அது என் பேரு இல்ல. உங்க பொண்ணு பேரு" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. பிரிண்ட் அவுட்டைக் காட்டினேன், பட்டியலைக் காட்டினேன், ஆறையும் ஏழையும் காட்டினேன். தையல் மெஷின் மேல் கையை ஊன்றிக்கொண்டு எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே திரும்பி, அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். என் பெயரும் அதுதானே. ‘என்னம்மா’ என்று நானே பதில் கொடுக்க வாயெடுத்து அடக்கிக்கொண்டேன்.

கே உள்ளறையிலிருந்து வந்தாள். என் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"ஏன்டி நேத்தே சொல்லல?" என்றேன்.

"சொல்லத்தான் வந்தேன். உங்கப்பா மொகத்த பாத்தேன். வாய் வரலடி" என்றாள். பிறகுதான் அழுதாள். அவள் அழுது அன்றுதான் பார்த்தேன். நான் லட்டை எடுத்து அவள் வாயில் வைத்தேன். ஒரு நாள் பழைய லட்டு, கொஞ்சம் கெட்டியாகியிருந்தது. மென்றுகொண்டே அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். அவளுடைய அம்மா எங்கள் இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார்.

அன்றே மேல வீதி நெட் சென்டருக்குப் போய் ஒப்புதல் அனுப்பினோம். "ரெண்டு பேர்ல யாரும்மா?" என்றார் சென்டர்காரர். "கே" என்றேன் நான், அவள் சொல்வதற்குள். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன். இந்த முறை குடும்பப் பெயர் கட்டத்தில் அவள் அப்பாவின் பெயரை முழுதாக, ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள்.

எனக்கு வெயிட்டிங் லிஸ்டில் ஒன்றும் வரவில்லை. அந்த வருடம் வீட்டில் இருந்தேன். அடுத்த வருடம் திருச்சியில் பிஎச்.டி. சேர்ந்து முடித்து, இப்போது ஒரு கல்லூரியில் வேலை பார்க்கிறேன். கே வெளிநாட்டில் இருக்கிறாள். ஒப்பந்தப்படி ஒரு மாத கொத்சு பாக்கி. ஊருக்கு வரும்போதெல்லாம் இரண்டு நாள், மூன்று நாள் என்று வாங்கித் தருகிறாள். இன்னும் மாதம் முடியவில்லை. என்னை ‘எம்’ என்று கூப்பிட இப்போது அவள் ஒருத்திதான் இருக்கிறாள்.

அந்த இடம் கிடைக்காமல் போன வருத்தம் எப்போதோ ஆறிவிட்டது. அவள் மூச்சு வாங்கப் போன் செய்து சொல்ல நினைத்த முதல் வார்த்தையை நான் பறித்துக்கொண்டதுதான் இன்னும் உறுத்துகிறது. அதனால் இப்போதெல்லாம் போனில் அவள் பெயர் வந்தால் எடுத்து ‘சொல்லுடி’ என்று மட்டும் சொல்லிவிட்டு, அவள் சொல்லி முடிக்கிறவரை வாயைத் திறக்காமல் இருக்கிறேன்.