மில்லுக்குப் பக்கத்து வீட்டு எரு

வவ்வால் புழுக்கை நாறும் என்பவர்கள் பழைய புழுக்கையை முகர்ந்து பார்த்ததில்லை. காய்ந்து கிடந்ததில் பூட்டிய அறையின் வாடைதான் இருக்கும். விரலில் வைத்து நசுக்கினால் பொடியாகும். அந்தப் பொடிக்குள் மினுமினுவென்று ஏதோ தெரியும். வவ்வால் தின்ற பூச்சிகளின் ஓடும் இறகும் அவை. தொட்டிச் செடிக்கு இதைவிட நல்ல எரு கடையில் கிடைக்காது. இதை நான் கல்லூரியில் படித்தேன். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் பள்ளிக்கூடம் போனவர் யாரும் இல்லை. அதனால் 'படித்தேன்' என்ற சொல்லை நான் கொஞ்சம் அழுத்தித்தான் சொல்வேன். அது கர்வமாகத் தெரிந்தால் தெரியட்டும்.

புதுக்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியில் தாவரவியல் ஆசிரியை வேலை கிடைத்ததும் அங்கேயே வீடு தேடினேன். தனியாக இருக்கும் பெண்ணுக்கு வீடு கொடுக்கப் பலரும் தயங்கினார்கள். ஒரு அம்மா மட்டும் தயங்கவில்லை. கணவர் இறந்துவிட்டார், மகன் வெளிநாட்டில். கீழ் வீட்டில் தனியாக இருந்த அவருக்கு மாடியில் பேச்சுத் துணைக்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இலுப்பூர்ப் பக்கம்னு சொன்னீங்க. ஊருக்குள்ள எங்கிட்டு?"

"ரைஸ் மில்லுக்குப் பக்கத்துலங்க."

அந்தக் கேள்வி எதற்காகக் கேட்கப்படுகிறது என்று எங்கள் பக்கத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். எங்கள் ஊர் மில் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது அந்த அம்மாவுக்குத் தெரியாது. அதனால் வீடு கிடைத்தது.

அன்றிலிருந்து நான் அவருக்கு 'டீச்சர்'. சாயங்காலம் பள்ளி விட்டு வந்தால், "டீச்சர், காபி குடிச்சுட்டு மேல போங்க" என்று கூப்பிட்டு, கூடத்தில் எதிரே உட்கார வைத்து, எவர்சில்வர் டம்ளரில் காபி கொடுப்பார். மொட்டை மாடி முழுக்க அவருடைய ரோஜாத் தொட்டிகள். எல்லாம் இலை வெளுத்து, மொட்டு விரியும் முன்பே கருகி நின்றன.

"கடையில விக்கிற எல்லா உரத்தையும் போட்டுப் பாத்துட்டேன் டீச்சர். சாமிக்கு வைக்க ஒரு பூ இல்ல."

"நான் ஒரு எரு கொண்டு வரச் சொல்றேம்மா. பாருங்க அப்பறம்" என்றேன்.

மில் மூடிப் பல வருடமாகிறது. அங்கே மூட்டை தூக்கிக்கொண்டிருந்த என் அப்பாவிடமே முதலாளி சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். கூரையெல்லாம் வவ்வால். அப்பா அவ்வப்போது கூட்டி அள்ளிப் பின்னால் குவித்துவைப்பார். அன்றே போன் செய்தேன்.

"வவ்வாப் புழுக்கையா? ஆத்தா, ஒனக்கு ஒடம்பு நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கேன்ப்பா. ரோசாச் செடிக்கு."

"இம்புட்டுப் படிச்சுப்புட்டு கடைசில நான் தூக்கிப் போட்டதக் கேக்குற."

"அடியில கெடக்குற பழசா எடுங்க. புதுசு வேரைக் கருக்கிரும். அள்ளுறப்ப மூக்கையும் வாயையும் துண்டால கட்டிக்கங்க. அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது."

"சரிங்க டீச்சர்" என்று சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு சிமெண்டுச் சாக்கில் கட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். கண்டக்டர் மூட்டையை உதைத்துப் பார்த்து, "என்னய்யா, கருவாடா?" என்றாராம். வவ்வால் எரு என்று அப்பா சொன்னதும், "அப்ப வவ்வாலுக்கும் சேத்து டிக்கெட் எடு" என்றாராம். பஸ்ஸே சிரித்தது என்று அப்பாவும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

சத்தம் கேட்டு வீட்டுக்கார அம்மா வாசலுக்கு வந்தார். அவரைப் பார்த்ததும் அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். யாரும் சொல்லவில்லை. கை தானாகப் போயிற்று. அந்த அம்மாவின் கண் அந்தத் துண்டின் மேல் சற்று நின்றது. எங்கள் ஊரில் மில் எங்கிட்டு இருக்கிறது என்று அப்போது அவருக்குத் தெரிந்துவிட்டது.

முகம் மாறவில்லை, சிரித்தபடிதான் இருந்தார். "வாங்க பெரியவரே" என்றார். அப்பாவுக்குக் காபி வந்தது. காகிதக் கப்பில், வாசற்படிக்கு.

எருவை நான்தான் போட்டேன். ஒரு கைப்பிடி எருவை வாளித் தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் வடிகட்டி, டீத்தண்ணி நிறம் வரும்வரை இன்னும் தண்ணீர் சேர்த்து, தண்டில் படாமல் தொட்டியின் ஓரமாக ஊற்றினேன். அளவு தப்பவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் இலை கரும்பச்சையாகிப் புதுத் துளிர் ஓடியது. பிறகு பூத்தது. காலையில் மாடிக்கதவைத் திறந்தால் சிவப்பும் மஞ்சளுமாகக் கண்ணில் அடிக்கும். அக்கம்பக்கத்துப் பெண்களெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஆனால் கூடத்துக் காபி நின்றுபோயிருந்தது. 'டீச்சர்' போய், 'ஏம்மா' வந்திருந்தது. ஒரு நாள் படியேறிக்கொண்டிருந்தபோது, பூப்பார்க்க வந்தவர்களிடம் அவர் சொல்வது காதில் விழுந்தது. "யாரு, மாடியில இருக்குற புள்ளையா? அதான், வவ்வா எரு கொண்டாருவாரே ஒரு ஆளு, அவரு மக."

நான் முதுநிலைப் பட்டம் பெற்றவள். அந்த எரு எப்படி வேலை செய்கிறது என்று அந்த வீட்டில் தெரிந்திருந்த ஒரே ஆள் நான். அப்பாவின் மகள் என்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த அம்மா அதைச் சொன்ன விதம் வேறு.

அப்பா மாதத்துக்கு ஒரு முறை எரு கொண்டுவரத் தொடங்கினார். அந்த அம்மாவே போன் செய்து கூப்பிடுவார். அப்படி அவர் வந்திருந்த ஒரு வேலைநாளில், தேர்வுத்தாள் கட்டோடு நான் வீடு திரும்பினேன். கொல்லைப்புறத்தில் குரல் கேட்டது.

"அங்கிட்டு இல்ல, இங்கிட்டு. அந்த மூலையில குத்துங்க. ஆங், அப்படித்தான்."

போய்ப் பார்த்தேன். சமையலறைச் சாக்கடையில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அப்பா கம்பியால் குத்திக்கொண்டிருந்தார். கணுக்காலுக்கு மேல் கறுப்புத் தண்ணீர். அந்த அம்மா மேல்படியில் முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி நின்றார்.

"வாம்மா. வந்ததும் வந்தாரு, இதையும் ஒரு தள்ளு தள்ளி விடச் சொன்னேன். மாட்டேன்னு சொல்லல பாரு. நல்ல மனுசன்."

"எங்கப்பா எருக் குடுக்க வந்தாருங்க."

"அதுக்கென்ன? வேற ஆளக் கூப்புட்டா வர மாட்டேங்குறான். இவரு நம்ம ஆளுதானே."

"நம்ம ஆளுன்னா உள்ள கூப்பிட்டு உக்கார வச்சிருக்கணும்."

அவர் சிரித்தார். "ரெண்டு எழுத்துப் படிச்சதும் ரோசத்தப் பாரு."

"ஆத்தா, விடு" என்றார் அப்பா, தலையை நிமிர்த்தாமல். "முடிஞ்சுருச்சு."

மாடிக்கு வந்து கால் கழுவினார். நான் சோப்பை நீட்டினேன். வெகுநேரம் தேய்த்தார்.

"ஏம்ப்பா எறங்குனீங்க?"

"நீ இங்கன குடியிருக்கீல்ல. நான் மாட்டேன்னு சொல்லி, அந்தம்மா ஒன்னைய வீட்டக் காலி பண்ணச் சொல்லிட்டா எங்க போவ? எத்தன வீடு ஏறி எறங்குன?"

"அதுக்காக நீங்க சாக்கடையில எறங்குவீங்களா?"

"மில்லுல இதைவிட மோசமாப் பாத்துதான் ஒன்னையப் படிக்க வச்சேன். அப்ப ஒனக்குத் தெரியாது. இப்பத் தெரியுது. அம்புட்டுத்தான்."

அப்பா பொறுத்துக்கொண்டார் என்பதால் அந்த அம்மா செய்தது சரியாகிவிடாது. நான் படித்த படிப்புதான் அந்தச் சாக்கை அந்த வாசலுக்கு வரவழைத்தது. சாக்கோடு அப்பாவும் வந்தார். இனி யாரும் அவரைச் சாக்கடையில் இறங்கச் சொல்லக்கூடாது என்பதற்காகவே நான் படித்தேன். எந்தப் பாடப்புத்தகத்திலும் இதற்கு வழி எழுதியிருக்கவில்லை.

வீட்டைக் காலி செய்தேன். சாவியைக் கொடுத்தபோது அந்த அம்மா ஏன் என்று கேட்கவில்லை. "போறது போற, ஒங்கப்பாவ மட்டும் மறக்காம வரச் சொல்லு. செடியெல்லாம் பட்டுப்போயிரும்" என்றார்.

"வர மாட்டாருங்க" என்றேன்.

அடுத்த வீடு லேசில் கிடைக்கவில்லை. போன இடத்திலெல்லாம் அதே கேள்வி, ஊருக்குள்ள எங்கிட்டு? இந்த முறை நான் மில்லைச் சொல்லவில்லை. "காலனிங்க" என்றேன், கேட்டவரின் முகத்தைப் பார்த்தபடியே. சிலர் தண்ணீர் வசதி சரியில்லை என்றார்கள், சிலர் மகள் வரப்போகிறாள் என்றார்கள். கடைசியில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், வெயில் நேராக இறங்கும் ஒரு தகரக் கொட்டகை கிடைத்தது. வாடகை அதே வாடகைதான். வாசலில் நாலு தொட்டி வைத்தேன்.

போன மாதம் அப்பா வந்தார். ஒரு கையில் சாக்கின் அடியில் மிச்சம் கொஞ்சம் எரு. இன்னொரு கையில் கேரிபேக்கில் சிவப்பு ரோஜாக்கள்.

அவரே சொன்னார்.

"பாவம் ஆத்தா, ஒத்தையா இருக்கு அந்தம்மா. போன்ல கூப்புட்டுச்சு. செடியப் பாக்க வர்றவங்ககிட்டெல்லாம் என்னையக் காட்டி, இவரு போட்ட எருதான்னு சொல்லுது. மில்லுல அத்தன வருசத்துல ஒருத்தன் நம்மளக் காட்டி ஒரு வார்த்தை சொல்லியிருப்பானா?"

அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். குனிந்து வேட்டியின் ஓரத்தையும் பார்த்தேன். நனைந்திருந்தது. கால்கள் நன்றாகக் கழுவியிருந்தன.

"பூவ வச்சுக்க ஆத்தா. ஒனக்குன்னுதான் குடுத்துச்சு."

வாங்கிக்கொண்டேன், வைத்துக்கொள்ளவில்லை. அவரைக் கட்டிலில் உட்காரச் சொல்லி, என் டம்ளரில் காபி கொடுத்தேன். அவர் குடித்து முடிக்கும்வரை எதிரே நின்றேன். பிறகு வாளியில் தண்ணீர் பிடித்து, அவர் கொண்டுவந்ததில் ஒரு கைப்பிடி அள்ளி ஊறப்போட்டேன்.