செவுள் வெளுத்த சங்கரா

பக்கவாதம் வந்தபோது, திருப்போரூர்ப் பள்ளியில் முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்த எனக்குத் 'தண்ணீர்' என்று சொல்ல வாய் வரவில்லை. முதல் சில மாதங்களுக்குள் பேச்சைத் திரும்பப் பிடித்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மகன் பேச்சுப் பயிற்சிக்கு ஒரு டேப்லெட் வாங்கி, படூர் ஃப்ளாட்டில் என் முன்னால் வைத்துவிட்டு ஆபீஸ் போய்விட்டான். திரையில் ஒருத்தி சிரித்தாள். "பழம்" என்றாள். நான் "ப்ப்ப" என்றேன். "அருமை!" என்றாள். இருமினேன். அதற்கும் "அருமை!" எந்தப் பிள்ளையையும் நான் அப்படி ஏமாற்றியதில்லை. தூக்கி எறிய நினைத்தேன், வலது கை எழவில்லை.

அக்கம்பக்கத்தார் இன்னும் மோசம். லிஃப்டில் என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தி, "அம்மா சாப்ட்டாங்களா?" என்று வீட்டு வேலைக்கு வருகிற பெண்ணிடம் கேட்பார்கள். என்னிடம் கேட்கமாட்டார்கள். அந்தப் பரிதாபத்தில் இடி விழ!

கோவளத்திலிருந்து எங்கள் ஃப்ளாட் கேட்டுக்கு மீன் கொண்டுவருகிறவள் மட்டும் எப்போதும்போல வாயாடினாள். அவள் நீட்டிய சங்கரா மீனின் செவுளை இடது கையால் தூக்கிப் பார்த்தேன். வெளுத்திருந்தது, பழைய மீன். வேண்டாம் என்று கையை ஆட்டினேன்.

"இன்னாத்துக்கு வேணாம்? வாயத் தொறந்து சொல்லு. கைகாட்டுனா நிக்கறதுக்கு நான் இன்னா பஸ்ஸா?"

"அவங்களால பேச முடியாதுக்கா" என்றாள் வேலைக்கு வருகிற பெண்.

"நீ சும்மா இரு. மீனு வேணாம்னது அவங்க."

மறுநாளும் வெளுத்த செவுள். அதற்கு மறுநாளும். பத்துப் பன்னிரண்டு நாள் பொறுத்தேன். வாய் கோணிக்கொண்டு வந்தது: "நா... நாறுது."

அவள் கைதட்டவில்லை. "எது? உன் மூக்குதான் நாறுது!" என்று எகிறினாள்.

"ப... பழசு. பொய்!" ஊன்றுகோலால் கூடையைத் தட்டினேன்.

அன்றிலிருந்து தினமும் சண்டை. டேப்லெட்டைத் தொடவே இல்லை. என் வகுப்பில் பிள்ளைகள் கற்றதில் பாதி என்னோடு மல்லுக்கட்டிக் கற்றதுதான் என்பது அப்போதுதான் உறைத்தது. அடுத்த மாதம் முழு வாக்கியமாகவே திட்டினேன்.

ஒருநாள் எதிர்வீட்டுக்காரிக்கு ஐஸுக்கு அடியிலிருந்து சிவந்த செவுளோடு மீன் எடுத்துக் கொடுத்தாள்.

"எனக்கு மட்டும் ஏன்டி பழசு?"

"அந்தப் பழச யாருக்கும் விக்கலம்மா. உனக்குக் காட்டறதுக்குன்னே தெனம் ஒண்ணு எடுத்தாரேன். நல்ல மீனக் காட்டுனா நீ எங்க பேசப்போற?"

அதற்கும் திட்டினேன். மூச்சு விடாமல், திக்காமல், பால்கனிகளில் ஆட்கள் வந்து எட்டிப் பார்க்கும்வரை.